சேலத்துக் குழந்தைகளின் நலன்: எதை முதலில் அளப்பது என்று முடிவு செய்யும் முறை

குழந்தைகளின் உடல்நலம், வளர்ச்சி, மனநலம் ஆகியவை பற்றி ஒரு வட்டாரம் முழுவதற்குமான தரவைத் திரட்டும் பொறுப்பு முதன்முறையாகக் கைக்கு வரும்போது, பெரும்பாலோர் வினாத்தாளிலிருந்தே தொடங்குகிறார்கள். முன்பு யாரோ பயன்படுத்திய படிவம் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். ஆலோசனைக் கூட்டத்தில் அமர்ந்த ஒவ்வொருவரும் தம் துறைக்காக ஒன்றிரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொல்கிறார்கள். கடைசியில் எழுபது எண்பது கேள்விகளைச் சுமந்துகொண்டு ஒரு குழு ஏற்காட்டுக்கு வண்டி ஏறுகிறது. அந்தத் தாள்கள் நிரம்பி வருகின்றன. ஆனால் அவற்றில் பாதிக்கு மேற்பட்ட விடைகளை எவரும் எதற்கும் பயன்படுத்துவதில்லை. காப்பித் தோட்டத்தில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பதில் சொன்ன தாய்க்கு அது பெரிய அநீதி என்பதே என் உறுதியான கருத்து. ஆகவே எதைக் கேட்பது என்பதற்கு முன், எதைக் கேட்காமல் விடுவது என்பதை நியாயமான முறையில் முடிவு செய்யக் கற்க வேண்டும். சேலம் மாவட்டத்தில் இப்பணிக்குப் புதிதாக வருவோருக்காக, அதற்கான படிகளைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: முடிவை எழுதுங்கள், கேள்வியைப் பிறகு எழுதலாம்

ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே ஒரு வாக்கியம் எழுதப்பட வேண்டும்: இந்த எண் தெரிந்தால், யார், எந்த மாதத்திற்குள், எதை மாற்றுவார்? வட்டார மருத்துவ அலுவலர், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், ஊராட்சித் தலைவர், தலைமையாசிரியர் என்று ஒருவருடைய பொறுப்பு அதில் இருக்க வேண்டும். அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால், அந்தத் தகவல் எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் பட்டியலின் அடிப்பகுதிக்குப் போகட்டும்.

இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். 2019-21 ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதற்கு முந்தைய ஆய்வில் இது 50.7 விழுக்காடு. "நம் வட்டாரத்தில் எத்தனை விழுக்காடு?" என்று மட்டும் அளந்து வந்தால், அதிகமாக இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த செய்தியையே மறுபடி சொல்லியிருப்போம். இந்த வயதுக் குழந்தைகளுக்கு வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்து கொடுக்க வேண்டும் என்பது 2018 முதல் நடைமுறையில் உள்ள திட்டம். எனவே மருந்துப் புட்டி வீடு வரை வந்ததா, வந்தும் குழந்தைக்குக் கொடுக்கப்படவில்லையா, கொடுத்தும் இரத்தசோகை நீடிக்கிறதா என்ற மூன்றையும் பிரித்தறிய வேண்டும். புட்டி வரவில்லை என்றால் மாற வேண்டியது விநியோகம். கொடுக்கப்படவில்லை என்றால் கிராம சுகாதாரச் செவிலியர் தாயிடம் பேசும் முறை மாற வேண்டும். கொடுத்தும் நீடித்தால் குடற்புழு, உணவு, பரம்பரை இரத்தக் குறைபாடு ஆகியவற்றைத் தேட வேண்டும். முடிவை முதலில் எழுதும்போதுதான் இந்தப் பிரிவினை கண்ணில் படுகிறது.

சேலத்தின் சொந்த வரலாற்றிலேயே இதற்கு வலிமிகுந்த சான்று உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் இங்கேதான் தொடங்கப்பட்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 0 முதல் 6 வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்குச் சேலம் மாவட்டத்தில் 851 பெண் குழந்தைகளே இருந்தனர். மாநில அளவில் அது 942. அந்த எண் மறைக்க முடியாத ஓர் உண்மையை எல்லோர் முன்னும் வைத்தது. ஆயினும் பெண் குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே தடுக்கப்பட்டார்களா, பிறந்த பின் உயிரிழந்தார்களா என்பதை அந்த ஓர் எண்ணால் சொல்ல இயலாது. முன்னதற்குச் ஸ்கேன் மையங்களைக் கண்காணிக்க வேண்டும். பின்னதற்குப் பிறந்த முதல் மாதத்தில் வீடு தேடிச் செல்ல வேண்டும். பிறப்பின்போதுள்ள பாலின விகிதத்தையும், பிறந்த பின் நிகழும் இறப்புகளை ஆண், பெண் என்று பிரித்தும் தனித்தனியே எடுத்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். சேலத்தில் பணிபுரியும் எவரும் இந்த இரண்டையும் தம் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது.

இரண்டாம் படி: கையில் இருப்பதை முதலில் எண்ணுங்கள்

ஒரு குழந்தையைப் பற்றி அரசிடம் ஏற்கெனவே பல பதிவுகள் இருக்கின்றன. கருவுற்ற தாயின் விவரமும் பிரசவமும், தாயையும் சேயையும் தொடர்ந்து கண்காணிக்கும் மாநில சுகாதாரத் துறையின் இணையப் பதிவான பிக்மியில் இருக்கும். பிறப்பும் இறப்பும் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பதிவாக வேண்டும். அங்கன்வாடியில் எடையும் உயரமும் போஷன் டிராக்கர் செயலியில் ஏறுகின்றன. பள்ளிக்குச் சென்ற பின், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தொகுப்பான எமிஸில் ஓர் எண் வந்துவிடுகிறது. இவை தவிர, பிறந்தது முதல் 18 வயது வரை பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைப் பரிசோதிக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் 2013-க்குப் பிறகு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து செல்கின்றன. இவற்றில் இருப்பதை மறுபடி வீடு வீடாகச் சென்று கேட்பது வீண் உழைப்பு.

அதே சமயம், ஒவ்வொரு பதிவும் யாரைப் பற்றிப் பேசுகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பிறப்பு, இறப்பு ஆகியவை நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். தாயின் ஊரில் அல்ல. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தருமபுரி, நாமக்கல் பகுதிகளிலிருந்தும் சிக்கலான பிரசவங்கள் அனுப்பப்படுகின்றன. அதனால் மாநகரப் பதிவேட்டை அப்படியே எடுத்துக் குறைந்த எடைப் பிறப்புகளையும் சிசு மரணங்களையும் கணக்கிட்டால், சேலம் மாநகரம் குழந்தைகளுக்கு மிக ஆபத்தான ஊர் போலவும் மலைக் கிராமங்கள் பாதுகாப்பானவை போலவும் தோற்றம் வரும். தாயின் நிலையான முகவரிப்படி பிரித்த பிறகே ஒப்பிட வேண்டும். தலைப்பிரசவத்திற்குத் தாய் வீடு செல்லும் நம் வழக்கமும் இங்கே கணக்கில் வர வேண்டும். ஓமலூரில் வாழ்க்கைப்பட்ட பெண் வாழப்பாடியில் பிள்ளை பெற்று, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்புகிறாள். அந்த இடைவெளியில் குழந்தை இரு ஊர்ப் பதிவிலும் இருக்கலாம், ஒன்றிலும் இல்லாமலும் போகலாம்.

பழைய எண்களோடு ஒப்பிட விரும்புவோர் மாவட்ட எல்லையையும் கவனிக்க வேண்டும். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1991 கணக்கெடுப்பின் "சேலம்" நாமக்கல்லையும் உள்ளடக்கியது. 2001-ன் "சேலம்" அப்படியல்ல.

பெரிய தேசிய ஆய்வுகளின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 707 மாவட்டங்களில் ஏறத்தாழ 6 லட்சத்து 37 ஆயிரம் குடும்பங்களைச் சந்தித்தது; அதாவது மாவட்டத்திற்குச் சராசரியாகத் தொள்ளாயிரம் குடும்பங்கள். அவற்றில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சில நூறு பேர்தான் இருப்பார்கள். மாவட்டத்தின் பொது நிலையை அறிய அது போதும். ஏற்காடு தனியாக, கல்வராயன் மலையின் கருமந்துறைப் பகுதி தனியாக எப்படி இருக்கிறது என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. வயதிலும் ஓர் இடைவெளி உண்டு. உயரம், எடை, இரத்தம் ஆகியவற்றை அந்த ஆய்வு ஐந்து வயதுக்கு உட்பட்டோரிடமும் 15 வயதுக்கு மேற்பட்டோரிடமும் அளந்தது. 5 முதல் 14 வயது வரையுள்ளவர்கள் நடுவில் விடுபட்டுவிட்டார்கள். 2016-18-ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 19 வயது வரை அளந்தது என்றாலும், அதன் முடிவுகள் மாநில அளவில்தான் பயன்படும். பள்ளிப் பருவத்துக் குழந்தைகளைப் பற்றி மாவட்டத்திற்குள் நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. முன்னுரிமை அளிக்கையில் இந்த வயதினருக்குக் கூடுதல் எடை கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நான் வலியுறுத்துவது இதனால்தான்.

மூன்றாம் படி: யார் விடுபடுவார்கள் என்று எழுதுங்கள்

எண்ணிக்கைக்குள் வராத குழந்தைகளே பெரும்பாலும் அதிக உதவி தேவைப்படும் குழந்தைகள். வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்பு, அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் மலையாளிப் பழங்குடிக் குழந்தைகளைத் தவறவிடும். சேர்வராயன் மலையில் இது சிறு தொகையல்ல. அங்கன்வாடிப் பட்டியலை மட்டும் நம்பினால், செங்கல் சூளைகளிலும் ஜவ்வரிசி ஆலைகளிலும் குடும்பத்தோடு தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் குழந்தைகள் காணாமற்போவார்கள். பள்ளியில் மட்டும் அளந்தால், இடைநின்றவர்களும், செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு போன்ற பகுதிகளில் வீட்டோடு சேர்ந்த வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலைக்கு உதவியாக அமர்ந்தவர்களும் கணக்கில் வரமாட்டார்கள். மாற்றுத்திறனுள்ள குழந்தையை விருந்தினர் வரும்போது உள்ளறையில் இருத்தும் வீடுகள் இன்னும் இருக்கின்றன; "வீட்ல எத்தனை பசங்க?" என்ற கேள்விக்கு அந்தக் குழந்தையைச் சேர்க்காமலேயே பதில் வரக்கூடும்.

ஒரு தாளில் இந்தக் குழுக்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர்களை அடையும் வழி ஒன்றையாவது எழுதிய பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். எல்லாக் குழுக்களையும் அடையப் பணம் போதாது என்றால், எளிதில் கிடைப்பவர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, கடினமாகக் கிடைப்பவர்களுக்கு அந்த நாட்களை ஒதுக்க வேண்டும்.

நான்காம் படி: பட்டியலை மதிப்பெண்ணால் சுருக்குதல்

இப்போது ஒரு கூட்டம் கூட்டலாம். அலுவலர்களும் மருத்துவர்களும் மட்டும் அமர்ந்தால் அவர்கள் அறிந்த நோய்களே மேலே வரும். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், ஆசிரியர், தாய்மார், சுய உதவிக் குழுவினர் ஆகியோர் இருக்க வேண்டும். வளரிளம் பருவத்தினரைத் தனியாக, பெண்களையும் ஆண்களையும் வெவ்வேறாக அமர்த்திக் கேட்க வேண்டும். பெற்றோர் முன்னிலையில் அவர்கள் பேசமாட்டார்கள். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் மாதவிடாய் நாட்களில் விடுப்பு எடுப்பது, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் காட்டுவழியே நடக்க வேண்டியிருப்பது, பதினெட்டு முடியும் முன்பே பெண் கேட்டு வருவது போன்றவை பெரியவர்கள் தயாரிக்கும் பட்டியலில் எளிதில் வருவதில்லை. குழந்தை நலன் என்று நாம் சொல்வதில் இவையும் அடங்கும்.

குழந்தைகள் நலத்துறையில் ஆராய்ச்சிக் கேள்விகளுக்கு முன்னுரிமை அளிக்க உலக அளவில் பயன்படும் ஒரு முறை நம் வேலைக்கும் பொருந்தும். ஒவ்வொரு தகவலையும் சில அளவுகோல்களின்படி தனித்தனியே பார்த்து, ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0, தெரியும் ஆனால் முடிவு செய்ய இயலவில்லை என்றால் 0.5, அதைப் பற்றித் தெரியாது என்றால் வெற்றிடம் என்று ஒவ்வொருவரும் பிறரைப் பார்க்காமல் எழுதுவதே அது. வெற்றிடம் விடும் உரிமை மிக முக்கியம். தெரியாதவர் ஊகித்துப் போடும் மதிப்பெண் முடிவைக் கெடுக்கும். நமக்கு ஏற்ற அளவுகோல்களாக நான் பரிந்துரைப்பவை இவை: பிரச்சினை பரவலானதா அல்லது கடுமையானதா, எண் கிடைத்தால் ஓராண்டுக்குள் யாராவது ஏதாவது செய்ய முடியுமா, அந்த எண் வேறெங்கும் கிடைக்காததா, விடுபட்ட குழுக்களுக்கு அதனால் பயனுண்டா, நம்மிடமுள்ள கருவியும் ஆட்களும் கொண்டு நம்பகமாக அளக்க முடியுமா.

ஓர் எடுத்துக்காட்டு. ஏற்காடு ஒன்றியத்திற்கான கூட்டத்தில் மூன்று தகவல்கள் முன்வைக்கப்படுவதாகக் கொள்வோம். 6 முதல் 59 மாதக் குழந்தைகளின் இரத்தசோகை எல்லா அளவுகோல்களிலும் ஏறத்தாழ 1 பெறும். பற்களில் ஃப்ளோரைடால் வரும் மஞ்சள், பழுப்புக் கறை, சேலம் மாவட்டத்தின் சில சமவெளிப் பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடுதலாக இருப்பதால் அங்கே மேலே வர வேண்டியது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவு. ஆனால் ஊற்று நீரும் ஓடை நீரும் குடிக்கும் மலைக் கிராமத்திற்கு அதே முன்னுரிமையைக் கொடுப்பதற்கு முன் நீரைச் சோதித்துப் பார்ப்பதே போதும். குழந்தைகளின் வாயைத் திறந்து பார்க்கும் வேலை தேவைப்படாமலே போகலாம். ஒரே மாவட்டத்திற்குள் மலைக்கும் சமவெளிக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது என்பதற்கு இதுவே போதுமான சான்று.

மூன்றாவது, சிசு மரண விகிதம். பரவல், கடுமை என்ற அளவுகோலில் எல்லோரும் 1 கொடுப்பார்கள்; மறுப்பவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் நம்பகமாக அளக்க முடியுமா என்ற இடத்தில் அது தோற்கிறது. தேர்ந்தெடுத்த பகுதிகளில் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து எண்ணும் தேசிய மாதிரிப் பதிவு முறையின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 1,000 உயிர்ப் பிறப்புகளுக்கு 13 சிசு மரணங்கள். ஆண்டுக்கு 1,000 பிறப்புகள் உள்ள ஒரு பகுதியில், நிலைமையில் எந்த மாற்றமும் இல்லாமலே, தற்செயலாக மட்டுமே ஓராண்டில் 8 மரணமும் மறு ஆண்டில் 19 மரணமும் நிகழக்கூடும். 7 முதல் 22 வரை எந்த எண்ணும் அதே 13-க்குப் பொருந்தும். ஒரு மலை ஒன்றியத்தில் பிறப்புகள் அதைவிடக் குறைவு என்பதால் ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். அந்த எண்ணை வைத்து ஒரு செவிலியரைப் பாராட்டுவதும் கண்டிப்பதும் தவறு. அங்கே விகிதம் கணக்கிடுவதைக் கைவிட்டு, நிகழ்ந்த ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே விசாரித்து, வலி எடுத்த நேரம், வண்டி வந்த நேரம், கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலை வழியே சேலம் சேர ஆன நேரம் என்று பதிவு செய்வதே பயன் தரும்.

கூட்டல் தொகை முடிவைச் சொல்லிவிடும் என்று எண்ண வேண்டாம். மருத்துவர்கள் உயர்த்தியும் தாய்மார்கள் தாழ்த்தியும் மதிப்பெண் கொடுத்த தகவல்களை, அல்லது அதற்கு நேர்மாறானவற்றை, தனியே எடுத்துப் பேச வேண்டும். கூட்டத்தின் உண்மையான பயன் அங்கேதான் கிடைக்கிறது.

தீங்கு விளைவிக்குமா என்பதற்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. அது ஒரு வாசற்படி. அதைத் தாண்டாத கேள்வி மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் பெற்றாலும் வெளியே நிற்க வேண்டும். பாலியல் வன்முறை பற்றிய கேள்வி இதற்கு உதாரணம். 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நிகழ்ந்ததாக அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஒரு சிறுமி கணக்கெடுப்பாளரிடம் மனம் திறந்து சொன்ன பிறகு, அதை ரகசியமாக வைப்போம் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சட்டம் இடம் தராது. தெரிவித்தபின் அவளுக்குத் துணையாக நிற்க ஆளில்லை என்றால் அவளது நிலை முன்பைவிட மோசமாகும். பயிற்சி பெற்ற ஆலோசகரும், 1098 குழந்தைகள் உதவி எண்ணோடும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடும் முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாடும் இல்லாத குழு அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

ஐந்தாம் படி: தேர்ந்தவற்றைச் சரியாக அளக்கும் ஏற்பாடு

பட்டியல் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கிய பிறகு, ஒவ்வொன்றுக்கும் உலகம் ஒப்புக்கொண்ட வரையறையை எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்தமாக ஒன்றை உருவாக்கினால் வேறெதோடும் ஒப்பிட முடியாது. ஐந்து வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அளவுகளும், அதற்குமேல் 19 வயது வரை 2007 அளவுகளும் உள்ளன. கடுமையான சத்துக்குறைவைக் கண்டறிய 6 முதல் 59 மாதக் குழந்தைகளின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைவா என்று நாடாவால் பார்க்கலாம். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் படுக்க வைத்தும், மேற்பட்டவர்களை நிற்க வைத்தும் அளக்க வேண்டும். மாற்றி அளந்துவிட்டால் 0.7 சென்டிமீட்டர் திருத்தம் செய்ய வேண்டும்.

உயரத்தைவிடப் பிழை அதிகம் நுழையும் இடம் வயது. 82 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் ஆண் குழந்தைக்கு 24 மாதம் என்று எழுதினால் அவன் இயல்பான எல்லைக்குள் இருக்கிறான். அந்த வயதுக்குக் கீழ் எல்லை 81.0. அதே குழந்தைக்கு உண்மையில் 27 மாதம் என்றால் எல்லை 83.1, அவன் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாதவன். மூன்று மாதப் பிழை ஒரு குழந்தையைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுகிறது. "ரெண்டு வயசு ஆகுதுங்க" என்ற பதிலை அப்படியே 24 என்று எழுதும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே தடுக்க வேண்டும். முதலில் பிறப்புச் சான்றிதழ், தாய் சேய் நல அட்டை, தடுப்பூசிக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்க வேண்டும். எதுவும் இல்லாதபோது ஊர் நாட்காட்டி உதவும். நாகலூரிலோ மாரமங்கலத்திலோ ஒரு வீட்டுத் திண்ணையில் உரையாடல் இப்படிப் போகலாம்:

"ஏனுங்கக்கா, தம்பி பொறந்தப்போ காப்பிப் பழம் பறிச்சிட்டு இருந்தாங்களா, மொளகு பறிச்சிட்டு இருந்தாங்களா?"

"மொளகு எல்லாம் முடிஞ்சிருச்சு கண்ணு. சேர்வராயன் நோம்பிக்கு நான் போகல. புள்ள பொறந்து பத்து நாளு தான் ஆயிருந்துச்சு."

சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதத்தில் வருவது என்பதால், அந்த ஆண்டின் திருவிழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பிறந்த வாரமே கிடைத்துவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் திருவிழா, அறுவடை, தேர்தல், பள்ளித் திறப்பு, பெருமழை ஆகியவற்றைக் கொண்ட இத்தகைய நாட்காட்டியை ஊர்ப் பெரியவர்களோடு அமர்ந்து முன்னதாகவே தயாரித்து, கணக்கெடுப்பாளர் கையில் கொடுக்க வேண்டும். பின்னர் தரவில் 12, 24, 36 ஆகிய மாதங்களில் மட்டும் குழந்தைகள் குவிந்திருந்தால், வயது ஒழுங்காகக் கேட்கப்படவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

இரத்தசோகைக்கு வேறொரு கவனம் தேவை. மலையில் பணிபுரிவோர் பலர் இதை அறிந்திருப்பதில்லை. உயரம் கூடக் கூடக் காற்றில் ஆக்சிஜன் குறைவதால், உடல் தானாகவே ஹீமோகுளோபினைச் சற்று உயர்த்திக்கொள்கிறது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு நகரம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். ஏற்காட்டில் மூன்று வயதுக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.3 கிராம் காட்டினால், 11 என்ற பொது எல்லையைக் கொண்டு நலமாக இருப்பதாக எழுதிவிடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2011 அட்டவணைப்படி 1,500 மீட்டருக்கு 0.5 கிராமைக் கழிக்க வேண்டும், அப்போது 10.8, அதாவது லேசான இரத்தசோகை. 2024-ல் வந்த புதிய வழிகாட்டியில் இந்தக் கழிவு இன்னும் கூடுதல். எந்த அட்டவணையைப் பின்பற்றினோம் என்பதையும், கிராமத்தின் உயரத்தையும் தரவுத்தாளில் எழுதி வைக்க வேண்டும். இந்தத் திருத்தம் செய்யாமல் சேலத்தையும் ஏற்காட்டையும் ஒப்பிட்டால், மலைக் குழந்தைகளின் குறை எண்ணிலேயே மறைந்துபோகும். பழங்குடியினர் வாழும் பகுதிகளில் 2023-ல் தொடங்கிய தேசிய அரிவாள் அணு இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் 40 வயது வரை பரிசோதிக்கிறது. அதன் முடிவுகள் ஏற்கெனவே உள்ள இடத்தில் குழந்தையை மறுபடி குத்த வேண்டாம்.

மனநலத்திற்கும் செயல்திறனுக்கும் ஓரளவு சோதிக்கப்பட்ட கருவிகளையே பயன்படுத்துங்கள். 25 கூற்றுகள் கொண்ட, பலமும் இடர்ப்பாடும் பற்றிய வினாப்படிவத்தை 11 வயதுக்கு மேற்பட்டவர்கள் தாமே நிரப்பலாம். குழந்தையின் பார்வை, கேட்டல், நடத்தல், கற்றல், பழகுதல் ஆகியவற்றில் உள்ள சிரமத்தைத் தாயிடம் கேட்டறிய யுனிசெஃப் 2016-ல் வெளியிட்ட படிவம் 2 முதல் 17 வயது வரைக்கும் உண்டு. "ஊனம் இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்பவர், "மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் நடக்கச் சிரமப்படுகிறதா?" என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்வார். எந்தப் படிவமானாலும் அதன் தமிழை உங்கள் பகுதித் தாய் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டதைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: எத்தனை பேர், எப்போது

பாதிப்பேருக்கு இருக்கும் என்று கருதும் ஒரு நிலையை, ஐந்து விழுக்காடு முன்பின்னாக, 95 விழுக்காடு நம்பிக்கையோடு அளக்க 384 குழந்தைகள் வேண்டும். கிராமம் கிராமமாகத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஊர்க் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் இதை ஒன்றரை மடங்காக்கினால் 576. பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று கொண்டால் 640. மலைக்கும் சமவெளிக்கும் தனித்தனி எண் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 640. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு பலர் தாமாகவே பட்டியலைச் சுருக்குவார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, காப்பி அறுவடை நடக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பகலில் வீடுகள் பூட்டியிருக்கும். ஆண்களும் சில குடும்பங்கள் முழுமையாகவும் குடகு, கேரளத் தோட்டங்களுக்குப் போயிருக்கும் மாதங்களும் உண்டு. மாநகரில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நாட்களைத் தவிர்க்க வேண்டும். அடுத்த சுற்றையும் அதே மாதத்தில் நடத்தினால்தான் ஒப்பிட முடியும். செல்பேசிச் சமிக்ஞை இல்லாத கிராமங்களுக்காக, இணையம் இன்றி இயங்கும் செயலியோ காகிதப் படிவமோ தயாராக இருக்க வேண்டும்.

ஏழாம் படி: ஒப்புதலும் பாதுகாப்பும்

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். அதோடு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் 7 முதல் 12 வயதினரிடம் வாய்மொழியாகவும் 12 முதல் 18 வயதினரிடம் எழுத்திலும் அவர்களது இசைவைக் கேட்கச் சொல்கின்றன. குழந்தை வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். தாய் கையைப் பிடித்து நீட்டினாலும் ஊசி குத்தக் கூடாது. பெயரும் விடையும் ஒரே கோப்பில் இருக்கலாகாது. முப்பது வீடுகள் உள்ள குக்கிராமத்தைப் பற்றி "இங்கே கடும் சத்துக்குறைவுள்ள குழந்தை ஒன்று" என்று அறிக்கையில் எழுதினால் ஊருக்கே அது யார் என்று தெரியும். ஐந்துக்குக் குறைவான எண்களை வெளியிடாமல், அண்டைக் கிராமங்களோடு சேர்த்தே காட்ட வேண்டும்.

அளக்கும் இடத்திலேயே தெரிந்துவிடும் ஆபத்துக்கு அன்றே வழி செய்ய வேண்டும். கைச்சுற்றளவு 11.5-க்குக் குறைந்த குழந்தையின் விவரம், பெற்றோர் சம்மதத்தோடு, அன்று மாலைக்குள் அப்பகுதிச் செவிலியரிடம் சேர வேண்டும். அந்த ஏற்பாடு எழுத்தில் இல்லாத கணக்கெடுப்பைத் தொடங்க நான் எவரையும் ஊக்குவிக்க மாட்டேன்.

எட்டாம் படி: சோதனை ஓட்டமும் மறுபடி நீக்குதலும்

சமவெளியில் ஒரு தறிக்காரர் தெரு, மலையில் ஒரு கிராமம் என இரண்டு இடங்களில் முழுப் படிவத்தையும் ஓட்டிப் பாருங்கள். ஒரு வீட்டில் நாற்பது நிமிடத்தைத் தாண்டினால் கேள்விகளைக் குறைக்க வேண்டும். எல்லோரும் ஒரே விடையைச் சொல்லும் கேள்வி, பாதிப்பேர் "தெரியாது" என்னும் கேள்வி, கணக்கெடுப்பாளர் வாசிக்கத் தயங்கும் கேள்வி ஆகியவை முதலில் போகட்டும். இரண்டு கணக்கெடுப்பாளர்கள் ஒரே குழந்தையைத் தனித்தனியே அளந்து, உயரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் பயிற்சியை மறுபடி நடத்த வேண்டும்.

ஒன்பதாம் படி: திருப்பிக் கொடுத்தலும் அடுத்த சுற்றும்

முடிவுகளை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்குக் கொடுப்பதற்கு இணையாக, கிராம சபையிலும் அங்கன்வாடியில் கூடும் தாய்மார்களிடமும் சொல்ல வேண்டும். அட்டவணைகளை விட்டுவிட்டு, "நம்ம ஊர்ல பத்துப் பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு மருந்து வந்துச்சு, எத்தனை பேர் குடிச்சாங்க" என்ற அளவில் பேசினால், அடுத்து என்ன செய்வது என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

முதல் படியில் எழுதிய வாக்கியங்களை ஓராண்டு கழித்து எடுத்துப் பாருங்கள். எந்த எண்ணைக் கொண்டு யார் எதை மாற்றினார் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். எவரும் தொடாத எண்ணை அடுத்த சுற்றில் நீக்கி, அந்த நிமிடங்களைப் பள்ளிப் பருவத்தினருக்கோ முன்பு அடைய முடியாமற்போன குழுவுக்கோ ஒதுக்குங்கள். நீக்கிய கேள்விகளையும், நீக்கிய காரணத்தையும், அதை ஒப்புக்கொண்டவர்கள் யார் என்பதையும் ஒரு பதிவேட்டில் எழுதி, அலுவலகக் கோப்போடு சேர்த்து வையுங்கள். பொறுப்பாளர்கள் மாற்றலாகிப் போன பின் புதிதாக வருபவர் அதே எழுபது கேள்விகளை மறுபடி சேர்க்கத் தொடங்கும்போது, அவர் முதலில் படிக்க வேண்டிய தாள் அதுதான்.